பதிவான சுமையிலிருந்து உலோகச் சோர்வுக் கணக்கு: விடை உதைத்தால் எங்கே தேடுவது

திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் மெல்ல விரிசல் விடுவதைத்தான் சோர்வு என்கிறோம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டாலில் கரும்பு ஏற்றும் டிரெய்லர்களில் வேலை செய்பவர்களுக்கு இந்த வேலை பழக்கமானதுதான். டிராபார் (டிரெய்லரை இழுக்கும் தண்டு) சேசிஸோடு சேரும் வெல்டிங் பக்கத்தில் ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகத்தின் நீட்சியை அளக்கும் சிறு பட்டை) ஒட்டி, அதைப் பதியும் லாகரைக் கட்டி, தோட்டத்திலிருந்து ஆலைவரை ஓட்டிப் பதிவெடுக்கிறோம். தகைவு, அதாவது உலோகத்தின் பரப்புக்கு வரும் விசை, ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று. அந்தப் பதிவிலுள்ள சுற்றுகளை ரெயின்ஃப்ளோ என்ற முறையில் எண்ணி, எந்தத் தகைவை எத்தனை சுற்று தாங்கும் என்று காட்டும் எஸ்-என் கோட்டில் வைத்து, ஒவ்வொரு சுற்றும் தின்ற ஆயுள் பங்கை மைனர் விதிப்படி கூட்டினால் சேதம் என்று ஓர் எண் வரும். அது 1 ஆனால் ஆயுள் முடிந்தது என்று கணக்கு.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கணக்கு எங்கே தவறினாலும் நிற்காது. பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். தகைவு மூன்றாம் அடுக்கிலும் ஐந்தாம் அடுக்கிலும் ஏறுவதால் சிறிய பிழைகூட ஊதிப் பெரிதாகிவிடும். விடை சரியில்லை என்றதும் பலர் எஸ்-என் கோட்டை மாற்றிப் பார்ப்பார்கள். என் அனுபவத்தில் கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, பதிவான சிக்னலிலேயே இருக்கும். அதனால்தான் கீழே சிக்னலுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகளுக்கெல்லாம் ஐரோப்பிய எஃகுக் கட்டுமானத் தரநூலான யூரோகோட் 3-இன் 71-ஆம் வகுப்பு வெல்டிங்கை வைத்துக்கொள்கிறேன். 20 லட்சம் சுற்றுக்கு 71 மெகாபாஸ்கல், 50 லட்சம் சுற்றுவரை சாய்வு 3 (சேதம் தகைவின் மூன்றாம் அடுக்கில் ஏறும்), அதன்பின் 10 கோடிவரை சாய்வு 5. கோடு முறியும் இடம் சுமார் 52 மெகாபாஸ்கல், முடியும் இடம் சுமார் 29. இவை எல்லாமே முழு வீச்சு, அதாவது ஒரு சுற்றின் உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள இடைவெளி. அரை வீச்சு என்று நான் சொன்னால் அதில் பாதி.

எதையும் தொடும் முன்

நிரல் சரியாக எண்ணுகிறதா என்று பாருங்கள். சுற்று எண்ணும் முறைகளுக்கான ஏஎஸ்டிஎம் இ1049 தரநூலில் ஒரு குட்டி வரிசை இருக்கிறது: −2, 1, −3, 5, −1, 3, −4, 4, −2. இதைக் கொடுத்தால் 3-இல் அரைச் சுற்று, 4-இல் ஒன்றரை, 6-இல் அரை, 8-இல் ஒன்று, 9-இல் அரை என மொத்தம் நான்கு சுற்று வரவேண்டும். வேறு விடை வந்தால், உங்கள் நிரல் வேறொரு வகை ரெயின்ஃப்ளோவைப் பயன்படுத்துகிறது, அல்லது தவறாக எண்ணுகிறது.

அடுத்து, +50-க்கும் −50-க்கும் இடையே ஆடும் ஆயிரம் சைன் அலைகளைக் கொடுங்கள். சேதம் 0.0014 வரவேண்டும். 0.00016 வந்தால் நிரல் முழு வீச்சுக்குப் பதிலாக அரை வீச்சை எடுத்திருக்கிறது. இந்த இரண்டு சோதனைக்கும் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் இதைச் செய்யாமல்தான் வாரக்கணக்கில் தேடுகிறார்கள்.

சேதம் நம்ப முடியாத அளவு பெரிதாக வருகிறது

ஒரு பயணத்திலேயே ஆயுளில் பாதி போய்விட்டதாகக் கணக்குச் சொல்கிறது, டிரெய்லரோ ஐந்தாவது சீசனாக ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படி வந்தால் முதலில் அலைவடிவத்தைத் திரையில் விரித்துக் கண்ணால் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை குற்றவாளி ஸ்பைக்காக, அதாவது சிக்னலில் ஒரு கணம் மட்டும் எகிறும் பொய்க் குத்தாக, இருக்கும். தளர்ந்த கனெக்டர், நைந்த ஒயர், பக்கத்தில் யாரோ வாக்கி டாக்கியில் பேசியது என எதிலிருந்தும் அது வரலாம்.

அதன் எடையைப் பாருங்கள். 800 மெகாபாஸ்கல் உயரத்தில் ஒரே ஒரு பொய் ஸ்பைக் இருந்தால், 71-ஆம் வகுப்பில் அது தாங்கும் சுற்று சுமார் 1,400 மட்டுமே. அதாவது அந்த ஒன்று, 40 மெகாபாஸ்கலில் வரும் உண்மையான சுற்றுகள் ஏறக்குறைய 13,700-க்குச் சமம். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வீதம் வந்தால்கூட, வேறெதுவும் நடக்காமலே 2,800 மணி நேரத்தில் ஆயுள் தீர்ந்துவிட்டதாகக் கணக்குக் காட்டும்.

பொய் ஸ்பைக்கையும் உண்மையான குழி அடியையும் பிரிப்பது எப்படி? இரும்புக்கு எடை இருக்கிறது, அது ஒரே பதிவுப் புள்ளியில் ஏறி அடுத்த புள்ளியில் இறங்காது. சக்கரம் குழியில் விழுந்தால் ஏற்றத்திலேயே பல புள்ளிகள் இருக்கும், அப்புறம் அச்சு பத்துப் பதினைந்து ஹெர்ட்ஸில் ஆடி அடங்கும், பக்கத்துச் சேனல்களிலும் ஏதாவது தெரியும். பொய் ஸ்பைக் தனியாக, ஒன்றிரண்டு புள்ளிகளில், பின்னால் ஆட்டமே இல்லாமல் நிற்கும். இன்னொரு கேள்வியும் உதவும்: அந்தத் தகைவு அந்த உலோகத்தில் சாத்தியமா? எஸ்355 எஃகு 355 மெகாபாஸ்கலில் நெகிழத் தொடங்கிவிடும். அதில் 800 என்று வந்தால், திரிபை (கேஜ் அளந்த நீட்சியை) தகைவாக மாற்றிய பெருக்கலே அங்கே செல்லாது.

ஸ்பைக்கை நீக்கும் விதத்திலும் ஒரு பொறி உண்டு. பலர் அந்த இடத்தில் பூஜ்யத்தைப் போட்டுவிடுவார்கள். பாரம் ஏற்றிய வண்டியில் சிக்னல் 120 மெகாபாஸ்கல் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தால், நடுவே ஒரு பூஜ்யம் 120 மெகாபாஸ்கல் சுற்று ஒன்றைப் புதிதாக உண்டாக்கும். இருபுறப் புள்ளிகளுக்கும் இடையே நேர்கோடு போட்டு இணைத்துவிடுங்கள்.

ஸ்பைக் இல்லாமல் படிக்கட்டுபோல் சிக்னல் ஒரேயடியாக நகர்ந்திருந்தால் அது வேறு கதை. பட்டறைச் சோதனை மேடையில் லோட் ஷெட்டிங் காலத்தில் இது சாதாரணம். மின்சாரம் போய்த் திரும்பியதும் ஆம்ப்ளிஃபையர் புதிய பூஜ்யத்தோடு எழுந்திருக்கும். கோப்பு விட்ட இடத்திலிருந்து தொடர்வதால் ரெயின்ஃப்ளோ அந்தத் தாவலையும் சுமை என்றே எண்ணும். சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்துத் தம் மின்சாரத்தைத் தாமே எடுத்துக்கொள்வதால் ஆலைக்குள் எடுத்த பதிவில் இந்தத் தொல்லை குறைவு. தாவல் இருக்கும் இடத்தில் கோப்பை இரண்டாக வெட்டி, இரண்டாம் பாதியைச் சுமையில்லாத ஒரு கணத்தை வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்படி ஒரு கணம் பதிவில் இல்லையென்றால் அந்தப் பாதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டவேண்டாம்.

திரையில் அசிங்கமாகத் தெரியும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கவலைப்படுவார்கள். அது 2 மெகாபாஸ்கல் வீச்சில் ஒரு மணி நேரம் முழுக்க, 1,80,000 சுற்று ஓடினாலும், சாய்வு 3-ஐக் கீழ்வரை நீட்டிய கோட்டில்கூட 40 மெகாபாஸ்கல் சுற்றுகள் 22-க்குத்தான் சமம். யூரோகோட் கோட்டிலோ அது கணக்கிலேயே சேராது.

விடை 8 மடங்கோ 32 மடங்கோ தள்ளி நிற்கிறது

இது நல்ல செய்தி. மடங்கு சுத்தமாக இருந்தால் காரணமும் ஒன்றே ஒன்றுதான். முழு வீச்சுக்கும் அரை வீச்சுக்கும் குழம்பினால் சாய்வு 3-இல் 8 மடங்கு, சாய்வு 5-இல் 32 மடங்கு. முறிந்த கோட்டில் இரண்டுக்கும் நடுவே எங்காவது விழும். வெல்டிங் தரநூல்கள் முழு வீச்சில் பேசும், ஷாஃப்ட், ஸ்பிரிங் போன்றவற்றின் கையேட்டுக் கோடுகள் பெரும்பாலும் அரை வீச்சில் இருக்கும்.

2.2 மடங்கு என்றால் பிரிட்ஜ் (கேஜ்களை இணைக்கும் மின்சுற்று) வகையில் குழப்பம். பாய்சான் கேஜ் (குறுக்கே சுருங்குவதை அளப்பது) சேர்த்த அரைப் பிரிட்ஜை லாகரில் கால் பிரிட்ஜ் என்று பதிந்திருக்கிறார்கள்: 1.3-இன் மூன்றாம் அடுக்கு அது. சுமார் 17.6 என்றால் 2.6-இன் மூன்றாம் அடுக்கு, அதாவது பாய்சான் முழுப் பிரிட்ஜ். 64 என்றால் நான்கு கேஜ் கொண்ட வளைவுப் பிரிட்ஜ்.

இதையெல்லாம் ஊகிக்க வேண்டியதே இல்லை. கேஜ் காரணி (நீட்சிக்கு ஏற்பத் தடை மாறும் விகிதம்) 2.0 உள்ள 350 ஓம் கேஜுக்கு இணையாக 174.65 கிலோஓம் தடையை இணைத்தால் கால் பிரிட்ஜில் அமுக்கப் பக்கமாகச் சரியாக 1,000 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) காட்டவேண்டும். எஃகில் அது சுமார் 206 மெகாபாஸ்கல். குறைவாகக் காட்டினால் நீண்ட ஒயரின் தடை சிக்னலைத் தின்கிறது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் இந்தப் படியைப் பதிந்து வைத்தால் பின்னால் யாரும் சண்டை போடவேண்டியதில்லை.

மணிக்கொரு கோப்பாகப் பிரித்துக் கூட்டினால் முழுக் கோப்பின் விடை வரவில்லை

வராது. கூட்டினால் குறைவாகத்தான் வரும். ரெயின்ஃப்ளோ முறையை 1968-இல் மட்சுயிஷியும் எண்டோவும் கொண்டுவந்ததே, சிறிய ஆட்டங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பெரிய சுற்றைத் தவறவிடக் கூடாது என்பதற்காகத்தான். அந்தப் பெரிய சுற்றின் அடி காலை ஏழு மணிக் கோப்பிலும் உச்சி ஒன்பது மணிக் கோப்பிலும் இருந்தால், தனித்தனியாக எண்ணும் நிரலுக்கு அது தெரியவே தெரியாது.

கரும்பு டிரெய்லரில் இது வெறும் நுணுக்கம் இல்லை. காலியாகத் தோட்டத்துக்குப் போகும்போது டிராபார் வெல்டிங்கில் தகைவு −10 வரை இறங்குகிறது, பாரத்தோடு வரும்போது 165 வரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயணத்துக்கு ஒரு முறை 175 மெகாபாஸ்கல் சுற்று. அது ஒன்றே 40 மெகாபாஸ்கல் சுற்றுகள் 140-க்கு மேல். மண் சாலையில் அடி வாங்கும் வண்டியில் இது கூட்டத்தில் கரைந்துவிடலாம். ஆனால் பெரும்பாலும் என்2 நெடுஞ்சாலையில் வழுக்கிக்கொண்டு போகும் வண்டியில் மொத்தச் சேதத்தின் பெரும்பங்கே இந்த ஏற்று-இறக்குச் சுற்றாக இருக்கும்.

தீர்வு எளிது. ஒவ்வொரு கோப்பையும் எண்ணியபின் மூடாமல் மிஞ்சும் எச்சப் புள்ளிகளை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கோப்புகளின் எச்சங்களையும் நேர வரிசையில் அடுக்கி இன்னொரு முறை எண்ணுங்கள். மூடிய சுற்றுகளோடு இவற்றையும் சேர்த்தால் முழுக் கோப்பின் விடை வந்துவிடும். பதிவானது திரும்பத் திரும்ப நடக்கும் பயணம் என்றால், கடைசி எச்சத்தை அதன் வாலிலேயே இன்னொரு முறை ஒட்டி எண்ணுவது வழக்கம். அப்போது அரைச் சுற்றுகள் முழுச் சுற்றாக மூடிக்கொள்ளும்.

இதே பெரிய சுற்றைக் கொல்லும் இன்னொரு வழி உண்டு: ட்ரிஃப்ட் (பூஜ்யம் மெல்ல நகர்வது) நீக்குகிறேன் என்று, மெல்ல வரும் மாற்றங்களை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் போடுவது. வெயிலில் சேசிஸ் சூடேறி சிக்னல் மெல்ல நகர்வது உண்மைதான், ஆனால் பாரம் ஏறுவதும் அதே மாதிரி மெல்ல வரும் மாற்றம்தான். ஃபில்டருக்கு இரண்டும் ஒன்று. ட்ரிஃப்டைக் குறைக்க எஃகுக்குப் பொருத்தமான வெப்ப ஈடு கொண்ட கேஜ் போடுங்கள், அல்லது காலியாக நிற்கும் ஒவ்வொரு நேரத்தையும் பூஜ்யப் புள்ளியாக எடுத்து இடையில் நேர்கோடாகத் திருத்துங்கள்.

சேதம் பூஜ்யம், அல்லது சந்தேகப்படும் அளவுக்குச் சிறிது

அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருக்கிறதா? லாகரின் எல்லையை 1,000 மைக்ரோஸ்ட்ரெயினில் வைத்திருந்தால் 206 மெகாபாஸ்கலுக்கு மேல் எல்லாம் ஒரே கோடாக நிற்கும். போனது போனதுதான். எல்லையை ஏற்றி மறுபடி ஓட்டுங்கள்.

உச்சி நன்றாக இருந்தால் எஸ்-என் கோட்டின் அடியைப் பாருங்கள். 52 மெகாபாஸ்கலுக்குக் கீழே முடிவில்லா ஆயுள் என்று நிரலில் எழுதியிருந்தால், 50-இல் எத்தனை லட்சம் சுற்று வந்தாலும் பூஜ்யம்தான் வரும். ஒரே அளவுச் சுமை மட்டும் வரும் இடத்துக்கு அது சரி. கலந்து வரும் சுமையில் சில பெரிய சுற்றுகள் விரிசலைத் தொடக்கிவிட்டால் அப்புறம் சிறியவையும் அதைத் தள்ளும். அதனால்தான் கோடு சாய்வு 5-இல் தொடர்கிறது.

பதிவு வேகத்தை மாற்றினால் விடையும் மாறுகிறது

ஓர் அலைக்குப் பத்துப் புள்ளி எடுத்தால், மோசமான நிலையில் உச்சியில் 5 சதவீதம் தவறும். சாய்வு 3-இல் அது 14 சதவீதச் சேதம், சாய்வு 5-இல் 22. ஐந்து புள்ளி மட்டும் எடுத்தால் உச்சியில் 19 சதவீதம் போய், சாய்வு 3-இல்கூடச் சேதத்தில் பாதியைத் தொலைக்கலாம். அலைவெண்ணைப் போல் இரண்டு மடங்கு போதும் என்ற பாடநூல் விதி அலைவெண்ணை அறிய மட்டுமே, உச்சியைப் பிடிக்க இல்லை. அச்சு ஆட்டம் 15 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 300 பதிவாவது வேண்டும், நான் 500 வைப்பேன்.

வண்டியில் ஏற்கெனவே இருக்கும் ஜிபிஎஸ் கண்காணிப்புக் கருவி நொடிக்கு ஒன்று வீதம் அனுப்பும் தகவலை வைத்துச் சோர்வுக் கணக்குப் போட முடியுமா என்று அடிக்கடி கேட்பார்கள். வேகம், வழித்தடம் பிரிக்க அது உதவும். சுற்று எண்ண உதவாது.

இரண்டு மென்பொருள், ஒரே கோப்பு, இரண்டு விடை

சுற்றுகளை அளவு வாரியாகப் பிரித்துப் போடும் பெட்டிகளின் அகலத்தைப் பாருங்கள். 12.5 மெகாபாஸ்கல் பெட்டிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மேல்விளிம்பை எடுத்தால், 38-இல் இருக்கும் சுற்று 50 என்று எண்ணப்படும். சாய்வு 5-இல் அது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இன்றைய கணினிக்குப் பெட்டியே தேவையில்லை, ஒவ்வொரு சுற்றையும் அதன் உண்மை அளவிலேயே கூட்டலாம்.

பெட்டி இல்லையென்றால் எச்சத்தை நடத்தும் விதம். அதுவும் ஒன்றாக இருந்தால் சராசரித் தகைவுத் திருத்தம், அதாவது சுற்றின் நடுநிலை எங்கே இருக்கிறது என்பதற்கான திருத்தம்: ஒன்று குட்மன் முறைத் திருத்தம் போடும், மற்றது போடாது. வெல்டிங் செய்து அப்படியே விட்ட இணைப்பில் உள்ளே தேங்கிய தகைவே நெகிழும் அளவுக்கு இருக்கும் என்பதால் அங்கே திருத்தம் வேண்டாம். ஷாஃப்ட், வார்ப்பு, போல்ட்டு போன்றவற்றில் வேண்டும்.

கணக்குச் சின்னது, ஆனால் விரிசல் வந்துவிட்டது

டோங்காட் பக்கம் டிரெய்லர் பழுது பார்க்கும் வெல்டர் அண்ணன் ஒருவர், நாம் கேஜ் பெட்டியைத் திறக்கும்போதே கேட்பார்: “தம்பி, வெடிப்பு வெளியேயிருந்து உள்ளே போகுதா, உள்ளேயிருந்து வெளியே வருதா?” இந்த வகைக் கோளாறுக்கு அதைவிட நல்ல முதல் கேள்வி எனக்குத் தெரியாது. வெல்டிங்கின் ஓரத்தில் தொடங்கும் விரிசலை மேற்பரப்பு கேஜ் பார்க்கும். வேரில், இரண்டு தகடும் முழுதாகச் சேராத இடத்தில் தொடங்குவதை அது பார்க்காது. அங்கே வெல்டிங்கின் குறுக்குப் பரப்பில் தகைவைக் கணக்கிட்டு 36-ஆம் வகுப்பில் வைக்கவேண்டும். 71-க்கும் 36-க்கும் ஆயுளில் ஏழெட்டு மடங்கு வித்தியாசம்.

விரிசல் ஓரத்தில்தான் என்றால் கேஜ் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 10 மில்லிமீட்டர் தகட்டில் ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டரில் ஒன்றும் 10 மில்லிமீட்டரில் ஒன்றும் ஒட்டி, முதலாவதை 1.67-ஆல் பெருக்கி, இரண்டாவதை 0.67-ஆல் பெருக்கிக் கழித்தால் ஓரத்தின் ஹாட்ஸ்பாட் தகைவு, அதாவது இணைப்பின் வடிவத்தால் அங்கே கூடிய தகைவு, வரும். ஆனால் அதை ஹாட்ஸ்பாட்டுக்கான கோட்டில்தான் வைக்கவேண்டும். 71 போன்ற விவர வகுப்புகள் அந்தக் கூர்மை சேராத சாதாரணத் தகைவுக்கு உரியவை. ஹாட்ஸ்பாட் தகைவை அவற்றில் வைத்தால் ஒரே கூர்மையை இரண்டு முறை எண்ணியதாகும். மாறாக, சாதாரணத் தகைவை ஹாட்ஸ்பாட் கோட்டில் வைத்தால் கூர்மை கணக்கிலேயே வராது, சேதமும் சிறிதாகத்தான் தெரியும்.

அப்புறம் துரு. டர்பன் கடற்கரைக் காற்றும், டிரெய்லர் தரையில் தேங்கும் புளித்த கரும்புச் சாறும் பெயின்ட் போன இடத்தைச் சும்மா விடாது. காற்றில் சோதித்து வரைந்த கோடு அங்கே பொருந்தாது. கீழ்ச்சாய்வையும் எல்லையையும் நம்பாமல் சாய்வு 3-ஐயே கடைசிவரை நீட்டிப் பாருங்கள்.

கணக்கு 3 என்கிறது, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் இது பிழையாக இல்லாமலும் இருக்கலாம். தரநூலின் கோடு சோதனைத் துண்டுகளின் நடுவே போகவில்லை, பெரும்பாலானவை தாண்டிவிடும் அளவுக்குக் கீழே இறக்கி வரையப்பட்டது. 1924-இல் பாம்கிரென் சொல்லி, 1945-இல் மைனர் மறுபடி எடுத்துவந்த கூட்டல் விதியும் எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று பார்ப்பதில்லை. பன்னாட்டு வெல்டிங் கழகம் கலப்புச் சுமைக்குச் சேதத்தை 1-க்குப் பதிலாக 0.5-இல் நிறுத்தச் சொல்வதும் இந்தச் சிதறலால்தான். ஓடும் வண்டியில் 3 வந்தால் கோட்டை மாற்றாதீர்கள், அந்த வெல்டிங்கைத் துடைத்து, விரிசல் இருந்தால் தெரியும்படி நிறமி ஊற்றிச் சோதியுங்கள்.

ஒரு நாள் பதிவைச் சீசனுக்குப் பெருக்கினால் பொருந்தவில்லை

மணிக்கணக்கால் பெருக்கவேண்டாம். தோட்டத்து மண் சாலை, தார்ச் சாலை, ஆலை வாசலில் காத்திருப்பு, கொட்டுவது என்று பதிவை வெட்டி, முதல் இரண்டுக்கும் கிலோமீட்டருக்கு எவ்வளவு சேதம், கொட்டுவதற்கு ஒரு முறைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எடுங்கள். வெட்டும்போது தொலையும் ஏற்று-இறக்குச் சுற்றை, முழுப் பயணத்தின் எச்சத்திலிருந்து எடுத்துப் பயணத்துக்கு ஒன்று எனத் தனியே சேருங்கள். இங்கே அறுவடை ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பர்வரை போகும். ஜூலையில் காய்ந்து இறுகிய அதே பாதை, வசந்த மழை தொடங்கியபின் வேறு பாதை. அதனால் மண் சாலைக்கு மட்டுமாவது வறண்ட மாதத்தில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என இரண்டு பதிவு வேண்டும், ஓட்டுநரும் வேகமும் குறித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.